கடலூர் உப்புக் காற்றில் அம்பாசடர் எஞ்சினுக்கு எந்தப் பளபளப்பு நிற்கும்?

முதுநகர்க்காரன்:

வணக்கம். எனக்கு வீடு கடலூர் முதுநகர். துறைமுகம் நடந்து போகிற தூரம்தான். அப்பாவின் 1986 அம்பாசடரை மறுபடி ரோட்டில் இறக்கும் வேலையில் இருக்கிறேன். பெட்ரோல் வண்டி, 1489 சிசி, எஸ்.யு. கார்புரேட்டர். திருப்பாதிரிப்புலியூரில் டாக்சி ஓட்டி அப்பா எங்களைப் படிக்க வைத்த வண்டி இது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. வருகிற ஆயுத பூஜைக்கு பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

எஞ்சினை இறக்கி போரிங், ஹெட் வேலை எல்லாம் முடித்தாயிற்று. இனி வெளிப்பூச்சுதான் பாக்கி. அதில்தான் குழம்பி நிற்கிறேன்.

அப்பா இருந்தவரை வெள்ளிக்கிழமை காலையில் பனியன் வேஸ்ட்டால் எஞ்சின் தலையை மூடும் டேப்பெட் கவரைத் துடைக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். வெறும் பெயிண்ட் அடித்த கவர்தான், ஆனாலும் குனிந்தால் முகம் தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஷெட்டின் தகரம் பறந்துபோய் வண்டி நாள்கணக்கில் நனைந்தது. துரு பிடிக்க ஆரம்பித்தது அதன்பிறகுதான்.

போன வருடம் டேப்பெட் கவரைக் கழற்றி ஓர் இடத்தில் குரோம் முலாம் போடக் கொடுத்தேன். கைக்கு வந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. எட்டாவது மாதம் கடுகு இறைத்ததுபோல் துருப்புள்ளி. இப்போது விளிம்பில் செதில் செதிலாக உரிகிறது.

அடுத்தது அலுமினியம். ஆல்டர்னேட்டர் உடம்பையும் கார்புரேட்டரின் மேல் தொப்பியையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். நன்றாக வந்தது. வாட்டர் சர்வீஸில் விட்டபோது எஞ்சின் மேல் ஏதோ பவுடர் கரைத்த தண்ணீரை அடித்தார்கள். பத்து நிமிடத்தில் இரண்டும் கறுத்துவிட்டன. தொட்டால் கையில் கரி ஒட்டுகிறது.

இப்போது ஒருவர் எல்லாவற்றுக்கும் குரோம் போட 18,000 ரூபாய் கேட்கிறார். அவர் கணக்கில் டேப்பெட் கவர், ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், பிராக்கெட்டுகள், சைலன்சர் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்), போல்ட் நட் எல்லாம் அடக்கம். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் சுடும் பூச்சு) போதும் என்கிறார். எந்தப் பாகத்துக்கு எது சரி? போட்டபின் எப்படிக் காப்பாற்றுவது? இந்த வண்டி ஷெட்டில் நிற்கப் போவதில்லை. நான் தினம் நெல்லிக்குப்பம் வேலைக்குப் போய்வரப் போகிறேன்.

வைசியாள் வீதி:

நான் புதுச்சேரி. என் பத்மினி காரில் டேப்பெட் கவர், ஏர் கிளீனர், ரேடியேட்டர் மூடி எல்லாம் குரோம்தான். ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: என் வண்டி கண்ணாடிக் கதவு போட்ட கராஜில் துணி போர்த்தி நிற்கிறது. ஞாயிறு காலை பீச் ரோடு வரை ஒரு சுற்று, வந்ததும் துடைத்துவிடுவேன். மழையில் எடுப்பதே இல்லை. தினம் ஓடுகிற வண்டிக்கு என் அனுபவம் பொருந்துமா என்று வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் நல்ல இடத்தில் கொடுத்தால் குரோமுக்கு ஈடு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கம்பவுண்ட்கட்டி:

தம்பி, 18,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நாங்கள் முலாம் பட்டறை வைத்திருந்தோம். தொட்டி வேலை என் வீட்டுக்காரர், பஃபிங், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மினுக்கும் வேலை, நான். 22 வருடம் சக்கரத்தின் முன் நின்றிருக்கிறேன். குரோம் தொட்டியை நிறுத்திவிட்டோம், காரணம் கடைசியில் சொல்கிறேன். பஃபிங் இன்னும் செய்கிறேன்.

முதலில் உங்கள் டேப்பெட் கவர். குரோம் என்று நாம் பார்க்கும் அந்த மேல்பூச்சு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கால்வாசி, மிஞ்சினால் பாதி. அது துருவைத் தடுக்காது. நீலச் சாயலோடு ஒரு மினுக்கமும், கீறல் விழாத கெட்டியும் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. இரும்பைக் காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். கடலோரம் ஓடுகிற வண்டிக்கு நிக்கல் மட்டும் 25, 30 மைக்ரான் வேண்டும். அதற்கு அடியில் செம்பும் இருந்தால் இன்னும் நல்லது. நிக்கல் அந்தக் கனத்துக்கு ஏற, பொருள் அரைமணி நேரத்துக்கு மேல் தொட்டியில் கிடக்க வேண்டும். குரோம் தொட்டியில் சில நிமிடம் போதும். நிக்கலில் பத்து நிமிடத்தில் தூக்கிவிட்டு மேலே குரோம் காட்டினாலும் கைக்கு வரும் நாளில் அதே பளபளப்புதான் இருக்கும். உங்களால் என்னால் யாராலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எட்டாவது மாதம் உப்புக் காற்று கண்டுபிடித்துச் சொல்லும்.

அந்தக் கடுகுப் புள்ளிக்கும் காரணம் உண்டு. மெல்லிய நிக்கலில் ஊசி நுனி அளவு துளைகள் இருக்கும். அதில் உப்பு ஈரம் இறங்கினால், நிக்கலும் இரும்பும் ஒரே தண்ணீரில் நின்று பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது இரும்புதான். முலாமே போடாத இரும்பைவிட அந்தப் புள்ளியில் வேகமாக அரிக்கும். வெளியில் புள்ளி கடுகளவு தெரிந்தால் அடியில் மிளகளவு போயிருக்கும். ஆகவே அந்தக் கவரை மேலே பாலிஷ் போட்டு மீட்க முடியாது. முழுக்க உரித்து, குழிகளைத் தேய்த்து, ஆழமாக இருந்தால் செம்பு ஏற்றித் தேய்த்துச் சமன்செய்து, பிறகுதான் நிக்கல்.

முலாம் எதையும் மறைக்காது என்பதை மனதில் வையுங்கள். பஃபிங் முடிந்த கவரை டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடினால் வேலை சரி. வளைந்து நெளிந்தால் மேடுபள்ளம் இருக்கிறது. விளிம்பே கலங்கித் தெரிந்தால் முந்தைய எமரித் தாளின் கீறல் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை வைத்து இழுங்கள். நகம் தட்டும் இடம் முலாம் போட்ட பிறகு இரண்டு மடங்காகத் தெரியும். இதைப் பார்க்காமல் கவரைத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள்.

அலுமினியத்துக்குக் குரோம் வேண்டாம். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும், தேய்த்த அடுத்த நொடியே திரும்ப வந்துவிடும். அதன் மேல் நிக்கல் ஒட்டாது. துத்தநாகக் கரைசலில் முக்கி எடுத்து, அந்தத் துத்தநாகத்தின் மேல்தான் மற்றதை ஏற்ற வேண்டும். அந்த முக்கல் கொஞ்சம் பிசகினாலும் கொப்புளம் போடும். அதோடு வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஆசிட் தங்கி, மாதக்கணக்கில் கசியும். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் கார்புரேட்டர் தொப்பிக்கும் பஃபிங் போதும். அலுமினியத்துக்கு அதன் சொந்த நிறமே அழகு.

உங்கள் அலுமினியம் ஏன் கறுத்தது என்றால், வாட்டர் சர்வீஸ் பவுடரில் காஸ்டிக் சோடாவோ சலவை சோடாவோ இருந்திருக்கும். வீட்டில் அலுமினியச் சட்டியில் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் உள்ளே கறுத்துப்போகும் அல்லவா, அதே கதை. அலுமினியம் கரைந்துவிட, அதில் கலந்திருக்கும் சிலிக்கானும் செம்பும் கரையாமல் மேலே நின்றுவிடும். கையில் ஒட்டும் கரி அதுதான். ஆழமாகப் போயிருக்காது, பயப்படாதீர்கள். 400-ல் தொடங்கி 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பர். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். முதலில் நீளவாக்கு, அடுத்தது குறுக்குவாக்கு. முந்தைய கீறல் ஒன்றுகூடத் தெரியாதவரை அடுத்த பேப்பரைத் தொடாதீர்கள். வீட்டில் தேய்க்கிறவர்கள் எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். பிறகு கயிற்றுச் சக்கரத்தில் பழுப்பு நிற பாலிஷ் கம்பவுண்ட் கட்டி, கடைசியாகக் காட்டன் சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. பச்சைக் கட்டி எவர்சில்வருக்கு.

ஒரு எச்சரிக்கை, இதை விட்டுவிடாதீர்கள்: கார்புரேட்டர் தொப்பியின் உள்பக்கத்தை எமரியாலோ பாலிஷாலோ தொடவே கூடாது. உள்ளே பிஸ்டன் தொட்டும் தொடாமலும் ஏறி இறங்கும் இடைவெளி அது. வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்குங்கள், உள்ளே பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்ட்டுக்குக் குரோம் போடுகிறேன் என்கிறவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பு அது. சொரசொரப்பும் துளையுமாக இருக்கும், நூற்றுக்கணக்கான டிகிரி சூடேறும். முலாம் நீலம்பாரித்து உரியும். பவுடர் கோட்டிங்கை அடுப்பில் 180, 200 டிகிரியில்தான் சுடுகிறார்கள், அதுவும் அங்கே கருகிவிடும். 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயிண்ட் கிடைக்கிறது. துருவைச் சுத்தமாக எடுத்து, மெல்லியதாக இரண்டு கோட். டப்பாவில் சொன்னபடி எஞ்சினை விட்டு விட்டு ஓட்டிச் சூடேற்றினால்தான் அது இறுகும். பளபளக்காது, ஆனால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும்.

பிராக்கெட், பேட்டரி தட்டு, ஏர் கிளீனர் டப்பா இவற்றுக்குப் பவுடர் கோட்டிங் கறுப்பு. நல்ல பளபளப்புக் கறுப்பு. பக்கத்தில் கறுப்பு இருந்தால்தான் நடுவில் இருக்கும் கவர் எடுப்பாகத் தெரியும். எல்லாமே மின்னினால் எதுவும் மின்னாது. ரேடியேட்டருக்கு மெல்லிய கறுப்பு பெயிண்ட் மட்டும். மினுமினுப்பான பரப்பு சூட்டைக் குறைவாகத்தான் வெளியே விடும், அங்கே குரோமுக்கும் தடித்த பூச்சுக்கும் இடமே இல்லை.

தொட்டியை ஏன் நிறுத்தினோம் என்றால், குரோமிக் ஆசிட் ஆவி. என் வீட்டுக்காரருக்கு மூக்கின் நடுத்தண்டு புண்ணாகி ஓட்டை விழுந்துவிட்டது. அந்தத் தொட்டியில் இருப்பது புற்றுநோய் வரவழைக்கும் வகைக் குரோமியம். வீட்டிலேயே குரோம் போடலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு யாரும் இறங்காதீர்கள். உங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

சாவடி மெக்கானிக்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கடலூர் சாவடில ஷெட் வெச்சிருக்கேன். பளபளப்பு வேலை முடிஞ்சி வர்ற வண்டிய மாட்டுறது நாங்க, அதனால எங்க பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, எர்த். போன தையில ஒரு வண்டி வந்துச்சு. புது பேட்டரி, சார்ஜ் ஏறல. ஆல்டர்னேட்டர கழட்டி ரெண்டு இடத்துல பாத்துட்டாங்க, நல்லாதான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் மீட்டர் வெச்சி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல பாத்தா 1.4 வோல்ட் காட்டுது. அங்க கிட்டத்தட்ட சைபர் இருக்கணும். பிராக்கெட்டு முழுக்க பவுடர் கோட்டிங், எஞ்சின்ல உக்கார்ற இடம், போல்ட் தலை உக்கார்ற இடம் எல்லாம் சேத்து அடிச்சிருக்காங்க. கரண்டு எப்படிப் போகும்? உக்கார்ற இடத்த மட்டும் சுரண்டி, பல் வாஷர் போட்டு, வாஸ்லின் தடவி மாட்டினேன், ஏறிடுச்சு. குடுக்கும்போதே இந்த இடம், இந்த மரை, இந்த முகம் இதுல பூச்சு படக்கூடாதுன்னு மார்க்கர்ல எழுதிக் குடுங்க. செல்ஃப் மோட்டார் உக்கார்ற முகமும் அப்படித்தான்.

ரெண்டாவது, மணல். டேப்பெட் கவர பெயிண்ட் எடுக்க மணல் அடிக்க விடாதீங்க. அடிச்சா, உள்பக்கம் மடிப்புலயும் ஆயில் மூடி கழுத்துலயும் பொடி போய் ஒளிஞ்சுக்கும். எத்தனை தடவ ஊதினாலும் போவாது. எஞ்சின் சூடாகி ஆயில் தெறிக்கும்போதுதான் இறங்கி வரும். 300 கிலோமீட்டர்ல பேரிங் போன எஞ்சின என் கையாலயே பிரிச்சிருக்கேன். ஆயில் சம்ப்ல விரல் விட்டா நறநறன்னு இருந்துச்சு. பெத்த புள்ள மாதிரி வெச்சிருந்த வண்டி, அந்தப் பெரியவர் அப்படியே உக்காந்துட்டார். பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுங்க, நேரமானா ஆவட்டும்.

மூணாவது, போல்ட். ஹெட் ஸ்டட், கனெக்டிங் ராடு போல்ட் இதெல்லாம் முலாத்துக்குப் போவவே கூடாது. சும்மா கவர் நட்டு, பிராக்கெட் போல்ட்டுன்னா பரவால்ல. எவர்சில்வர் போல்ட் போடறதா இருந்தா அம்பாசடர் இஞ்ச் மரைன்னு ஞாபகம் வெச்சிக்கோங்க. மில்லிமீட்டர் போல்ட்ட முறுக்கி ஏத்தி மரைய நாசம் பண்ணிடறாங்க. அலுமினியத்துக்குள்ள எவர்சில்வர் போல்ட் போட்டா மரைல கிரீஸ் தடவாம மாட்டாதீங்க. நம்ம ஊர் காத்துக்கு ரெண்டே வருஷத்துல வெள்ளையா பூத்துப்போய் இறுகிடும். அப்புறம் போல்ட் வராது, தலைதான் வரும்.

கடைசியா, ஆயில் லீக்கு. டேப்பெட் கவர் கார்க் பேக்கிங்க நல்லதா போடுங்க, நட்ட அளவா முறுக்குங்க. அது தகடு, ரொம்ப முறுக்கினா வளைஞ்சிடும். ஆயில் கசிஞ்சி சூட்டுல காஞ்சா மஞ்சக் கறை புடிச்சிடும். அப்புறம் எந்தப் பாலிஷும் நிக்காது.

கம்பவுண்ட்கட்டி:

மெக்கானிக் தம்பி சொன்ன போல்ட் விஷயத்துக்குக் காரணத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஆசிட்டில் கழுவும்போதும் தொட்டியில் மின்சாரம் ஓடும்போதும் ஹைட்ரஜன் உண்டாகி எஃகுக்குள் புகுந்துவிடும். கெட்டியான எஃகு என்றால் அது உள்ளேயே இருந்து எஃகை நொறுங்கவைக்கும். முறுக்கி வைத்த போல்ட் ஒருநாள் சும்மா நிற்கும்போதே பட்டென்று போகும். தொட்டியிலிருந்து எடுத்த கையோடு 200 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் சூட்டடுப்பில் வைத்தால் அது வெளியேறும், பெரிய ஆலைகளில் செய்வார்கள். சின்னப் பட்டறையில் அதை நம்பி உயிரான போல்ட்டைக் கொடுக்காதீர்கள்.

முதுநகர்க்காரன்:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 18,000 கேட்டவரிடம் நிக்கல் எத்தனை மைக்ரான் என்று போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் நல்லா கனமா போடுவோம்" என்றார். நம்பர் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் மூன்று சந்தேகம். அலுமினியத்தை பஃபிங் செய்தபின் மேலே கிளியர் லேக்கர் அடித்துவிட்டால் துடைக்கிற வேலை மிச்சம் என்று நண்பர் சொல்கிறார், சரியா? தண்ணீர் பைப் போய்ச் சேரும் வளைவுக் கழுத்து அலுமினியமா இரும்பா என்று தெரியவில்லை. பழைய பெயிண்ட் மூடியிருக்கிறது. அடுத்தது, தினம் ஓடும் வண்டியில் துடைக்கும் முறையை ஒன்று விடாமல் சொல்லுங்கள். இங்கே போர் தண்ணீர் உப்பு. காலையில் பானெட்டைத் தொட்டாலே பிசுபிசுக்கிறது.

கம்பவுண்ட்கட்டி:

வளைவுக் கழுத்துக்குக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, அதற்குக் கறுப்புப் பவுடர். ஒட்டாவிட்டால் பஃபிங்.

லேக்கர் அடிக்காதீர்கள். கண்ணாடி போலத் தேய்த்த பரப்பில் லேக்கருக்குப் பிடிமானம் இல்லை. எங்காவது ஒரு ஸ்பேனர் பட்டு நெல்மணி அளவு பெயர்ந்தாலும், அந்த வழியாக உப்பு ஈரம் உள்ளே போய் லேக்கருக்கு அடியிலேயே புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடு கோடாக ஓடும். மேலே துடைத்தால் போகாது, ஏனென்றால் அது உள்ளே இருக்கிறது. சூட்டில் லேக்கரும் மஞ்சளாகும். கடைசியில் லேக்கரை உரிக்கும் வேலை பஃபிங்கைவிடப் பெரியது. வெறும் அலுமினியம் மங்கினால் ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். நம் ஊருக்கு அதுதான் தோது.

இனி துடைப்பது. அந்தப் பிசுபிசுப்பு என்ன தெரியுமா? அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசியுமே, அதேதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீர்கட்டும். நம் கடற்கரையில் ராத்திரி அதைத் தாண்டாத நாள் குறைவு. அதனால் உப்பைச் சேரவிடக் கூடாது. வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியால் துடையுங்கள். ஒரு சொம்பு போதும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பை எடுக்க உப்பையே பூசியதுபோல் ஆகும். உடனே காய்ந்த துணி. அழுக்கு இருந்தால் தலைக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டு. சோப்புத்தூள் கூடாது, சோடா கூடாது. ஆசிட் பாட்டிலை வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாத்ரூம் கழுவும் அந்த ஆசிட்டில்தான் நாங்கள் பழைய குரோமையே உரித்தெடுப்போம். புளி பித்தளைக்கு நல்லது, குத்துவிளக்குக்குப் போடுங்கள். அலுமினியத்தில் போட்டால் வெளுத்து மங்கும்.

டீசல், தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்புக் காட்டுவது நம் பக்கத்தில் பழக்கம். அரைமணி நேரம் மினுக்கும், அப்புறம் தூசு ஒட்டி உப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டீசல் ரப்பர் பைப்பை ஊறவைத்துக் கெடுக்கும்.

துடைத்தபின் கார் மெழுகு மெல்லியதாக ஒரு கை. ஆனால் அந்த மெழுகு 85 டிகிரியை ஒட்டி இளகிவிடும், எஞ்சின் தண்ணீரே அந்தச் சூட்டுக்கு வருகிறது. ஆகவே டேப்பெட் கவரில் போட்ட மெழுகு அதிக நாள் நிற்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் தொப்பியில் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். மெட்டல் பாலிஷை அலுமினியம் மங்கினால் மட்டும் எடுங்கள். குரோமில் வாராவாரம் பாலிஷ் போடாதீர்கள். நான் சொன்னேனே, கால் மைக்ரான்தான் இருக்கிறது, நீங்களே தேய்த்துத் தீர்த்துவிடுவீர்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கம்பி நாரும் எதிலும் படக்கூடாது.

கவருக்கு முலாம் கொடுக்கும்போது இன்னொன்று: உள்பக்கத்தை மறைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். உள் மூலைகளில் முலாம் சரியாகப் பிடிக்காது. பிடிக்காதது உரிந்தால் நேராக ஆயிலில் விழும். உள்ளே எப்போதும் ஆயில் படிந்திருப்பதால் துரு வராது.

முதுநகர்க்காரன்:

காந்தம் ஒட்டியது அக்கா, இரும்புதான். கறுப்புக்குப் போகிறது. மேனிஃபோல்ட்டுக்கு சில்வர் பெயிண்ட் வாங்கிவிட்டேன். ஆல்டர்னேட்டரை 600 வரை தேய்த்திருக்கிறேன், கறுப்பு முழுக்கப் போய்விட்டது. டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன், முந்தைய கீறல் இன்னும் அங்கங்கே தெரிகிறது. 400-க்குத் திரும்பிப் போகிறேன்.

டேப்பெட் கவரை உங்களிடமே கொடுக்க ஆசை. கேட்கத் தயக்கமாக ஒன்று இருக்கிறது. கவரின் முன் மூலையில் அப்பா பஞ்ச் வைத்து '15' என்று அடித்திருக்கிறார். டேப்பெட் இடைவெளி 15 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் 15 பங்கு). வெளியூர் சவாரியில் எந்த மெக்கானிக் திறந்தாலும் தெரியட்டும் என்று அடித்தது. உரிகிற அந்தக் குரோமுக்கு அடியிலும் லேசாகத் தெரிகிறது. குழியைத் தேய்த்து எடுக்கும்போது அதுவும் போய்விடுமா?

கம்பவுண்ட்கட்டி:

கயிற்றுச் சக்கரத்தைக் கொடுத்தால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும், பிறகு நிக்கல் ஏறியதும் தழும்பு மாதிரி ஆகும். அந்த மூலையில் சக்கரம் படாமல் பார்த்துக்கொள்கிறேன். மூங்கில் குச்சியின் நுனியைச் சப்பையாகச் சீவி, கம்பவுண்ட் தடவி, எழுத்தைச் சுற்றிக் கையாலேயே தேய்க்க வேண்டும். ஒரு மதியம் ஆகும், ஆகட்டும். எழுத்துக்குள் துரு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது முலாத்தை உரித்தபின்தான் தெரியும். ஆழமாக இருந்தால் மேற்கொண்டு கை வைக்கும் முன் உங்களைக் கூப்பிடுகிறேன், நேரில் வந்து பாருங்கள். நிக்கல் 30 மைக்ரான் போட்டு, அளந்தும் காட்டுகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். பஃபிங் முடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிறேன்.

புதன்கிழமை காலையில் வாருங்கள். கார்க் பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். நான் ஊறவைத்து எடுத்துக்கொள்கிறேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் மேல் தட்டில் போட்டுவிட வேண்டாம்.